முதுகு வைத்த முக்காலி

எங்கள் அத்தையின் பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. பெரிய எழுத்தில் 'கால் டாக்டர்'. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'நாற்காலி, மேசை, கட்டில் பழுது பார்க்கப்படும்'. எழுதியது மாமா. பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு முட்டி வலியோடு வந்து நிற்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அத்தை அவர்களை விரட்ட மாட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இங்க மரக்காலுக்கும் இரும்புக்காலுக்கும்தாங்க வைத்தியம்" என்று சொல்லி, நிஜ டாக்டருக்கு வழி காட்டி அனுப்புவாள். போகிறவர் அந்த ஸ்டூல் கொஞ்சம்கூட ஆடவில்லை என்பதைக் கவனித்திருந்தால், அடுத்த வாரம் வீட்டு மேசையோடு திரும்பி வருவார்.

ஆடாத கால்தான் அத்தையின் மதம், கட்சி எல்லாம். கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற தொழிற்சாலையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவள். கட்டிலுக்குக் கால் பற்றவைப்பதுதான் அவள் பிரிவு. நோயாளி திரும்பிப் படுத்தால் கட்டில் கிறீச்சென்றுகூடச் சொல்லக் கூடாது, அதுதான் அங்கே கணக்கு. தொழிற்சாலையை மூடியதும் எல்லோரும் வேறு வேலை தேடிப் போக, இவள் பழைய வெல்டிங் மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அதுவரை ஒரு கடையில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தார். அவரும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "அவ காலு, நான் தோலு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு டாக்டர்" என்பார்.

கொட்டகையின் மூலையில் ஒரு பெரிய டிரம் இருக்கிறது. உள்ளே முழுக்கக் கால்கள்! கடைசல் கால், சதுரக் கால், குழாய்க் கால், சக்கரம் வைத்த கால். உடைந்த எதிலிருந்து கழற்றினாலும் அத்தை காலைத் தூர எறிய மாட்டாள். ஒரு தரம் மாமாவின் தங்கை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ஏதோ போர் நடந்த இடம் மாதிரி இருக்கு" என்று சொன்னாளாம்.

அத்தைக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை 'ஒப்பேத்துறது'. காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பது, உடைந்த இடத்தில் கம்பியைச் சுற்றுவது, இதெல்லாம் கண்ணில் பட்டால் முகம் சுருங்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூத்துக்குக் காரணமே இதுதான்.

ஒரு நாள் ஒரு வயதான அம்மா வண்டியிலிருந்து இறங்கினார். கையில் படுக்கை விரிப்பு சுற்றிய ஒரு மூட்டை. நேராக நிமிர்ந்த முதுகு, வெட்டிவைத்த மாதிரி பேச்சு. பல வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் இன்றுவரை அவரை டைப்பிஸ்ட் அம்மா என்றுதான் சொல்கிறோம்.

"சாப்பாட்டு மேசை நாற்காலிங்க. சீட்டுத் தோல் ஓரத்துல கிழிஞ்சிருக்கு. ஒரு தடவை ஆள வேற கவுத்துடுச்சு. பார்த்துச் சரி பண்ணிக் குடுங்க."

"பண்ணிடலாம்மா."

"வீட்ல இன்னும் அஞ்சு இருக்கு. இதையும் அதுங்களையும் பக்கத்துல வெச்சா வித்தியாசமே தெரியக் கூடாது."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை விரிப்பைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அதுவரை பார்த்த எந்த நாற்காலி மாதிரியும் அது இல்லை. முதுகும் சீட்டும் தனித்தனியாக இல்லை, ஒரே பலகை! மேலிருந்து இறங்கி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, அப்படியே வளைந்து சீட்டாக விரிந்திருந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தால் மூடிய புத்தகத்தின் தாள்கள் மாதிரி மெல்லிய மர ஏடுகள், ஒன்றன் மேல் ஒன்று. சீட்டின் மேல் பழுப்புத் தோல் மெத்தை. அதன் கீழே சின்னத் தட்டு அளவில் ஒரு வட்ட இரும்புத் தகடு, அதிலிருந்து பளபளக்கும் மெல்லிய கம்பிக் கால்கள். விரலால் தூக்கினால் எழுந்து வருகிற எடை.

"மரத்த எப்படிங்க இப்படி மடிச்சான்?" என்றாள் அத்தை.

"தோல் மாதிரி ஊறவெச்சிருப்பானோ?" மாமா மெத்தையை முகர்ந்து பார்த்தார். "நல்ல மாட்டுத்தோலு. நம்ம கல்யாணத்துக்கும் முன்னாடி தெச்சது. தையலப் பாரு, ஒரு கண்ணுகூடக் கோணல."

அத்தை நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். முன்னால் இரண்டு கால். பின்னால் ஒன்றே ஒன்று, நட்டநடுவில்.

"அட கொடுமையே!"

"என்னம்மா?"

"பாருங்க, பின்னாடி ரெண்டு காலும் போயிருக்கு. எவனோ ஒரு சோம்பேறி நடுவுல ஒண்ண நட்டு ஒப்பேத்திவிட்டிருக்கான். ஆள் கவுழாம என்ன பண்ணும்?"

மாமா தாடையைச் சொறிந்தார். "இதுக்குக் கீழ ஏதோ முத்திரை குத்தியிருக்கே, அத படி."

மரத்தில் சூடு போட்ட மாதிரி ஒரு வெளிநாட்டுப் பெயர். நடுவில் ஓர் 'ஓ' எழுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு.

"எழுத்த தப்பா குத்திட்டு அடிச்சிருக்காங்க. கம்பெனியே கழிச்சுத் தள்ளுன பீஸா இருக்கும், பாவம்" என்றாள் அத்தை.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. அந்தப் பின்னங்காலைத் தகட்டோடு பற்றவைத்திருந்த இடம். ஒரு பொட்டு அதிகமில்லை, ஒரு பொட்டு குறைவில்லை. சுற்றிலும் மணி கோத்தது போல. அத்தை கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "ஒப்பேத்துறவன் இவ்வளவு அழகா பத்தவெப்பானா?" என்று மாமாவிடம் கேட்டாள்.

"நல்லா சமைக்கிறவன் ஒரு நாள் சோம்பேறியா இருக்க மாட்டானா?" என்றார் மாமா.

அந்தப் பதிலோடு அத்தை சந்தேகத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டாள். நாற்காலி என்றால் நாலு கால். பேரிலேயே எழுதியிருக்கிறது, இதில் யாரைப் போய்க் கேட்பது?

வேலை என்றால் அப்படி ஒரு வேலை! நடுக்காலை அறுத்து எடுத்து டிரம்மில் போட்டாள். முன்னங்காலின் வளைவை அட்டையில் வரைந்து, அதே தடிமனில் கம்பி தேடிப் பிடித்து, சூடாக்கி வளைத்து, ஒட்டிப் பார்த்து, மறுபடி வளைத்து, இரண்டு புதுப் பின்னங்கால்களைப் பற்றவைத்தாள். கண்ணாடி மாதிரி மெருகேற்றினாள். அடியில் கறுப்பு ரப்பர் குப்பி மாட்டினாள். மாமா கிழிசலை உள்பக்கத்திலிருந்து ஒட்டி, பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசி விட்டுத் தைத்து, எண்ணெய் தடவினார். பட்டறையின் சிமெண்டுத் தரையில் வைத்து அத்தை மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது.

அந்த வாரம் முழுக்க வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டினாள். எனக்கும்தான். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பழைய கால ஸ்காண்டிநேவிய நாற்காலிகளின் படத்தைத் தேடித் தேடிப் பார்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு. எனக்கே ஒன்றும் தோன்றவில்லை!

டைப்பிஸ்ட் அம்மா வந்தார். அத்தை கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி துணியை விலக்கினாள்.

அந்த அம்மா பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது என்னது?"

"உங்க நாற்காலிதாம்மா."

"என் நாற்காலிக்கு மூணு காலுதானே?"

அத்தை சிரித்தாள். "அது எவனோ ஒப்பேத்தினதும்மா. நான் ஒழுங்கா—"

"யாரும் ஒப்பேத்தல. ஆறுக்கும் மூணு மூணுதான். பொறந்ததுலேருந்தே மூணுதான்."

கொட்டகையில் மாமாவின் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"மூணு காலுன்னா அது முக்காலி இல்லையாம்மா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"முக்காலிக்கு முதுகு இருக்குமா?"

"நாற்காலிக்கு மூணு கால் இருக்குமா?" என்றார் மாமா, உள்ளேயிருந்து. அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, தைக்க ஒன்றும் இல்லாமலேயே.

"அப்போ அந்த முத்திரை? 'ஓ'வ அடிச்சு வெச்சிருக்கே?"

"அடிக்கல. எங்க கம்பெனிக்காரங்க ஊர்ல அது ஒரு எழுத்து. எங்க டைப்ரைட்டர்ல அது கிடையாது. 'ஓ' அடிப்பேன், ஒரு எடம் பின்னாடி நகத்துவேன், மேலயே ஒரு சாய்கோடு அடிப்பேன். தலைமை ஆபீசுக்குப் போற ஒவ்வொரு கடுதாசியிலயும் அப்படித்தான்." சொல்லும்போதே அவர் விரல்கள் காற்றில் மூன்று தட்டுத் தட்டின. பிறகு நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கம்பெனி மூடுறப்போ ஆளாளுக்கு அலமாரி, ஃபேன்னு எடுத்துட்டுப் போனாங்க. நான் சாப்பாட்டு ரூம்ல இருந்த இந்த ஆறையும் கேட்டு வாங்கினேன்."

கோபமாகப் பேசியிருந்தால் அத்தை தாங்கியிருப்பாள். அந்த அம்மா கோபப்படவில்லை. மாமா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான். சில மாதங்களுக்கு முன், சாப்பிடும்போது கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கத் தங்கை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறார். நாற்காலி சத்தமே போடாமல் கவிழ்ந்துவிட்டது. மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அன்றிலிருந்து அவர் மேசைக்கு வருவதில்லை. தட்டில் போட்டுக்கொண்டு தன் ரூமுக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். வேறு நாற்காலி வாங்கிப் போட்டாலும் வேண்டாமாம், மேசைப் பக்கமே வேண்டாமாம்.

"அந்தக் கிழிசல் இருக்கிற வரைக்கும் எது தன்னைத் தள்ளினதுன்னு அவளுக்குத் தெரியும். கிழிசல் போயிட்டா, ஆறுல எதுன்னே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா மறந்துடுவா, வந்து உக்காருவான்னு நெனச்சேன்." அவர் அந்த நாலு கால்களைப் பார்த்தார். "இப்போ வாசல்ல நின்னாலே தெரியும், எதுன்னு."

ஒரு மனுஷி தன் தங்கையைச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பக் கூப்பிட எவ்வளவு யோசித்திருக்கிறார்! அதை நம் அத்தை நாலு காலில் நிறுத்திவிட்டாளே!

அத்தை டிரம்மில் கைவிட்டுத் துழாவினாள். அந்தப் பழைய நடுக்கால் மேலேயே கிடந்தது. "தூர போடலம்மா. திருப்பி வெச்சுடறேன். ஆனா எந்தக் கோணத்துல நின்னுச்சுன்னு மத்த அஞ்சையும் பார்த்து அளவு எடுக்கணும். இப்பவே உங்ககூட வரட்டுமா?"

மாமா நாற்காலியை வண்டியில் ஏற்றினார். கையில் அந்த நடுக்காலோடு அத்தை பின்னால் உட்கார்ந்தாள்.

வீடு ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டு அறை. நீள மேசை, அதைச் சுற்றி ஐந்து நாற்காலிகள், எல்லாம் மூன்று கால், எல்லாம் ஒரே மாதிரி இடுப்பு ஒடுங்கி. அத்தை போன காரியத்தை மறந்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஐந்திலும் அந்தக் கோடு போட்ட 'ஓ'. ஐந்திலும் மணி கோத்த மாதிரி பற்றவைப்பு. "ஒரே கை" என்று முணுமுணுத்தாள். பிறகு ஒன்றில் உட்கார்ந்து, மேசைக்கடியில் காலை நீட்டினாள். நடுவில் ஒரே கால் என்பதால் பின்னால் நடந்து போகிறவர் காலிலும் தட்டாது. இப்படி யோசித்துச் செய்தவன் யாராக இருப்பான், எந்த ஊரில் உட்கார்ந்து யோசித்தான், அவன் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள்? அவளுக்குக் கேள்வி கேள்வியாக வந்ததாம்.

அதற்குள் மாமா நாலு கால் நாற்காலியைக் கொண்டுவந்து மேசையோரம் அதன் பழைய இடத்தில் வைத்தார்.

டக்.

அத்தை திரும்பினாள். "என்னங்க சத்தம்?"

மாமா அதன் முதுகைத் தொட்டார். டக். விட்டார். டக்.

தரை பழைய செங்கல் பாவிய தரை, அங்கங்கே பள்ளமும் மேடும். மூன்று கால் எந்தத் தரையிலும் உட்கார்ந்துகொள்ளும். நாலாவது கால்தான் தரை சமமாக இருக்கிறதா என்று கேட்கும். ஐந்து நாற்காலிகளும் அந்தப் பள்ளத்திலும் மேட்டிலும் கம்மென்று நின்றன. ஆடாத காலுக்குப் பேர் வாங்கிய எங்கள் அத்தை செய்தது மட்டும் டக்கு டக்கென்று ஆடியது!

அத்தையின் காது மடல் சிவந்துவிட்டது. "எந்திரிங்க, எந்திரிங்க, எடுத்துட்டுப் போயிடலாம்" என்று மாமாவை அவசரப்படுத்தினாள்.

"நான் நின்னுகிட்டுத்தானே இருக்கேன்?"

உள் அறைக் கதவு திறந்தது.

"அக்கா, யாரு கதவத் தட்டுறது?"

தங்கை வந்து நின்றார். அக்காவைவிடக் குள்ளம், கண்ணில் குறும்பு. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், பழக்கத்தில் போல. டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தார். நாற்காலி அவர் மேல் பட்டு, டக்.

"இதான் சத்தமா?" தங்கை அக்காவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். "ஏய், இது அதுதானே?"

"இல்லடி. அது வேற—"

"பொய் சொல்லாத. உனக்கு அது டைப்புலகூட வராது." அவர் குனிந்தார். "நாலு கால் எப்போ முளைச்சுது?"

அத்தைதான் முன்னால் வந்தாள். "தப்பு என்னுதும்மா. ஒரு கால் கொறையுதுன்னு நெனச்சு ரெண்டா போட்டுட்டேன். இப்ப ஆடுது வேற. எடுத்துட்டுப் போய்ப் பழையபடி பண்ணித் தந்துடறேன், எதுன்னே உங்களுக்குத் தெரியாது."

கடைசி வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அத்தைக்கு உறைத்தது.

"ஓஹோ" என்றார் தங்கை, அக்காவைப் பார்த்து. "எதுன்னே தெரியாமப் பண்ணத்தான் திட்டமா? எதுன்னு தெரியாட்டி நான் ஆறுக்கும்ல பயப்படணும்?"

டைப்பிஸ்ட் அம்மாவின் நிமிர்ந்த முதுகு முதல்முறையாகக் கொஞ்சம் தளர்ந்தது. அவர் அந்தப் பக்கமாக யோசித்திருக்கவே இல்லை.

தங்கை நாற்காலியின் முதுகில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். டக். விட்டார். டக். தலையைச் சாய்த்துக் கேட்டார். டெலிபோனில் எந்த லைன் என்று கேட்கிற மாதிரி. வலப்பக்கம் அழுத்தினார். டக். இடப்பக்கம். டக். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல. கம்முனு இருந்துட்டுக் கவுத்துவிட்டுது. இது சாயறதுக்கு முன்னாடியே சொல்லுது பாரு."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்! அப்படியே, யாரும் கையைப் பிடிக்காமல். டக் என்றது. பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்தார். டக். இன்னும் கொஞ்சம். நாலாவது கால் தரையில் ஊன்றிக்கொண்டது, கவிழவில்லை. மேசை மேல் இரண்டு முழங்கைகளையும் வைத்தார்.

"என்ன பாக்குற? டீ கீ போடுவியா மாட்டியா?"

டைப்பிஸ்ட் அம்மா சமையல் அறைக்குள் போனார். உள்ளே பாத்திரம் ஒன்றும் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

அத்தைக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் உயிர் போனது. தன் கையால் செய்த ஒன்று ஆடுகிறது, அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பையிலிருந்து ஒரு ரப்பர் குப்பியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "அந்தப் பின்னங்காலுக்கு மட்டும் கொஞ்சம் தடிமனா ஒண்ணு—"

"கை வெக்காதீங்க!" என்றார் தங்கை. "வாய அடைச்சுட்டா அப்புறம் அதுவும் ஊமை."

"ஆடுதேம்மா."

"ஆடட்டும். எனக்கு ஆடுற நாற்காலி பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன?"

அத்தைக்கு என்னவா? அவள் வாழ்க்கையே அதுதான்! ஆனால் ரப்பர் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டீயைக் குடித்த நேரமெல்லாம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மாமா சொல்வார்.

அந்த நடுக்கால் இப்போது டிரம்மில் இல்லை. பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. டைப்பிஸ்ட் அம்மா அதைக் கேட்கவில்லை. ஐந்துக்கு மூன்று காலும் ஒன்றுக்கு நாலு காலுமாக அந்த மேசை அப்படியே இருக்கிறது. யார் எதைக் கொண்டுவந்தாலும் அத்தை இப்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள்: "இது பொறந்ததுலேருந்தே இப்படியா, நடுவுல ஆச்சா?" போன வாரம் பலகையைப் பார்த்து முட்டி வலியோடு வந்த ஒருவரிடமும் பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மாடிப்படியில் விழுந்த கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நேற்று நான் பட்டறையில் இருந்தபோது டைப்பிஸ்ட் அம்மாவின் போன் வந்தது. கையில் வேலை இருந்ததால் அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க நாற்காலி பேசறத நிறுத்தவே மாட்டேங்குது. நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியல. இவ வேணும்னே ஆட்டுறா."

"நாளைக்கே வந்து தடிமனா ரப்பர் போட்டுடறேன்மா!" அத்தையின் குரலில் அப்படி ஓர் ஆசை.

அந்தப் பக்கம் சாப்பாட்டு நேரம் போல. தட்டு வைக்கிற சத்தம், தங்கை ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம்.

"வேணாம் வேணாம். இருக்கட்டும். சும்மா சொன்னேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, அவசரமாக.

அவர் போனை வைக்க மறந்துவிட்டார் போல. அத்தையும் வைக்கவில்லை. குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனாள். டக், என்றது அந்தப் பக்கம்.

"பின்னாடி, எடது காலு" என்றாள் அத்தை மாமாவிடம், பெருமூச்சு விட்டு.